ஒரு பாட்டை எழுதியவர் யார்? ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து தமிழ்த் திரையிசை ஆதாரங்களைத் தேடி

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு வெகு முன்பே, மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு நிற்கிறது. உள்ளே இருந்த ஸ்டுடியோ போய்விட்டது. அந்த நிலத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம், இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பி, 1930களின் நடுவில் இந்த மலையடிவாரத்தில் படத்தொழிலைத் தொடங்கினார். 1937இல் ‘சதி அகல்யா’ வந்தது. மறு ஆண்டு மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ இங்கிருந்துதான் போனது. 1940இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடமிட்ட ‘உத்தம புத்திரன்’, 1950இல் ‘மந்திரி குமாரி’, 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். அத்தனை படங்களுக்கும் பாட்டுகள் உண்டு. அந்தப் பாட்டுகளை ஆராய நினைக்கும் ஒரு மாணவர் எந்த நூலகத்துக்குப் போவது, எந்த அலமாரியைத் திறப்பது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கேள்வியைக் கையில் பிடிக்கிற அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம். ‘மந்திரி குமாரி’ குண்டலகேசிக் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதியது. கணவன் மனைவியைக் கொல்லும் எண்ணத்தோடு மலையுச்சிக்கு அழைத்துப் போகும் கட்டத்தில் ஒரு ஜோடிப்பாட்டு வரும். இசை ஜி. ராமநாதன், பாடியவர்கள் திருச்சி லோகநாதன், ஜிக்கி. தமிழ் தெரிந்த எந்த வீட்டிலும் இதை ஒருவராவது முணுமுணுத்திருப்பார். எழுதியவர் யார்? சில பட்டியல்கள் அ. மருதகாசி என்கின்றன, சில கா.மு. ஷெரீப் என்கின்றன, வேறு சில இருவர் பெயரையும் சேர்த்துப் போடுகின்றன. இருவருமே மாடர்ன் தியேட்டர்ஸுக்குப் பாட்டெழுதியவர்கள். இவ்வளவு புகழ்பெற்ற ஒரு பாட்டுக்கே இந்த நிலை என்றால், அந்தக் காலத்தின் மற்ற ஆயிரக்கணக்கான பாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதே கேள்வி எழுந்தால் நூலகர் என்ன செய்வார் என்று பார்ப்பது பயன் தரும். அங்கே பதிப்புரிமை அலுவலகம் பதிவான இசைப்படைப்புகளின் பட்டியலை நெடுங்காலம் அச்சிட்டு வந்தது. ஒரு பாட்டு எந்த நாளில், யார் பெயரில் பதிவானது என்று அதில் பார்க்கலாம். இசைத்தட்டுக்கு, சான்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் வரலாற்று இசைத்தட்டுப் பட்டியல் இருக்கிறது. விக்டர் நிறுவனத்தின் பழைய பதிவேடுகளிலிருந்து வளர்ந்தது அது. எந்தப் பாட்டு எந்த வாரம் எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு, பில்போர்டு இதழின் வாராந்தரப் பட்டியல்களை ஜோயல் விட்பர்ன் என்ற தனிமனிதர் நூல் நூலாகத் தொகுத்தார். ஒகையோ மாநிலத்தின் பவுலிங் கிரீன் பல்கலைக்கழகம் 1967இல் ஒலிப்பதிவுக் காப்பகத்தையும், 1969இல் வெகுசனப் பண்பாட்டுக்கென்றே ஒரு நூலகத்தையும் தொடங்கியது. ஜனரஞ்சகமான பொருளைப் பல்கலைக்கழகம் சேர்க்கலாமா என்ற ஏளனத்தைத் தாண்டி வந்தவர்கள் அவர்கள். நமக்கு அவர்களிடமிருந்து வேண்டியது பணமோ கட்டடமோ அன்று. ஒரு பாட்டைப் பதிவாக, தட்டாக, அச்சாக, விற்பனையாக நான்கு பக்கமிருந்தும் சரிபார்க்க முடிகிற அந்தக் குறுக்குத் தொடர்புதான். நம்மிடம் சரக்கு நிறைய இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டும் பட்டியல்தான் இல்லை.

சரக்கில் முதலிடம் பாட்டுப் புத்தகத்துக்கு. கொட்டகை வாசலில் ஓரணா, இரண்டணாவுக்கு விற்ற மெல்லிய வெளியீடு. மட்டமான காகிதம், நடுவில் ஒரு கம்பித் தையல். அட்டையில் கதாநாயகியின் படம். உள்ளே நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல், பிறகு கதைச் சுருக்கம். கதை சூடுபிடிக்கும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். அதன்பின் பாட்டுகள். பழைய புத்தகங்களில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் இருக்கும். எந்தப் பாத்திரம் பாடுகிறது என்றும் இருக்கும். பின்னட்டையில் விளம்பரம். 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைக்காது. ‘பாலன்’ படத்தின் கதியும் அதுதான். படச்சுருள் அழிந்துபோன ஒவ்வொரு படத்துக்கும் பாட்டுப் புத்தகம்தான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

சாட்சி என்றால் குறுக்கு விசாரணையும் உண்டு. படம் வெளியாகும் நாளுக்குள் அச்சாகிக் கொட்டகைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், கடைசி நேர வெட்டுக்கு முன்பே இந்தப் புத்தகங்கள் தயாராகிவிடும். அதனால் புத்தகத்தில் இருந்து படத்தில் இல்லாத பாட்டும் உண்டு, படத்தில் இருந்து புத்தகத்தில் இல்லாத பாட்டும் உண்டு. பின்னணிப் பாடகர் பெயர் பல பழைய புத்தகங்களில் கிடையாது. நடிப்பவரே பாடுகிறார் என்று ரசிகர் நம்புவது வியாபாரத்துக்கு நல்லது என்று நினைத்த காலம். பாட்டாசிரியர்கள் பலர் எழுதிய படமென்றால் முதல் பக்கத்தில் ‘பாடல்கள்’ என்று போட்டு எல்லார் பெயரையும் வரிசையாக அடுக்கிவிடுவார்கள். எந்தப் பாட்டு யாருடையது என்று அதிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. நம் மலையுச்சிப் பாட்டைச் சுற்றியுள்ள குழப்பம் போன்றவை இப்படிப்பட்ட பக்கங்களிலிருந்துதான் பிறக்கின்றன.

இந்தப் புத்தகங்கள் நூலகங்களில் ஏன் அரிதாக இருக்கின்றன? நூலக உலகத்தின் அளவுகோலே ஒரு காரணம். யுனெஸ்கோ 1964இல் புள்ளிவிவரத்துக்காக வகுத்த வரையறைப்படி 49 பக்கமாவது இருந்தால்தான் அது புத்தகம். பதினாறு பக்கப் பாட்டுப் புத்தகம் அந்தக் கணக்கில் வராது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். ஆனால், தான் அச்சிட்டது நூல் என்றே பட நிறுவனத்துக்குத் தோன்றியிருக்காது. ஆகவே சேர்த்தவர்கள் தனிமனிதர்கள்தாம்.

அவர்களில் கோட்டையூர் ரோஜா முத்தையாவை முதலில் சொல்ல வேண்டும். நூலோடு நோட்டீஸையும், இதழோடு பாட்டுப் புத்தகத்தையும் ஒரே மதிப்போடு சேர்த்தவர் அவர். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கடல் கடத்தாமல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமையச் செய்தது. தமிழ் வெகுசனப் பண்பாட்டை ஆராயும் எவரும் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் தரமணியில் உள்ள இந்த நூலகம்தான் என்பது என் துணிபு. அடுத்தது, 1964இல் புனேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்படக் காப்பகம்; படச்சுருளோடு பாட்டுப் புத்தகம், சுவரொட்டி, புகைப்படங்களையும் அது காக்கிறது.

அதிகம் பேர் எட்டிப் பார்க்காத, ஆனால் மிக வளமான ஆதாரம் ஒன்று அரசாங்கக் காகிதத்தில் கிடக்கிறது. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூற்பதிவுச் சட்டப்படி, சென்னை மாகாணத்தில் அச்சான நூல்களின் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழின் இணைப்பாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு பதிவிலும் பல கட்டங்கள்: நூலின் பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சான ஊர், அச்சகம், வெளியீட்டாளர், வெளியான நாள், பக்கம், அளவு, எத்தனையாம் பதிப்பு, எத்தனை படி, என்ன விலை, உரிமை யாருக்கு. நாலு பக்கச் சிந்துப் பாட்டு வெளியீட்டுக்கும் இதே மரியாதைதான். சென்னை குஜிலிக் கடைகளில் விற்ற கொலைச்சிந்து, ரயில் சிந்து, புயல் சிந்து முதலானவை எப்படி அச்சாகிப் பரவின என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் காட்டியபோது, ஆய்வாளர் உலகம் ஒதுக்கிவைத்த குப்பை திடீரென்று வரலாறாகியது. நாடகப் பாட்டும் ஆரம்பகாலத் திரைப்பாட்டும் அந்தச் சிந்துகளின் நேர் வாரிசுகள். எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இந்தப் பட்டியல்களைப் பார்க்கலாம். ஒரு பாட்டுப் புத்தகம் எத்தனை படி அச்சானது என்று தெரிந்தால், அந்தப் பாட்டு எத்தனை பேரிடம் போயிருக்கும் என்று ஊகத்தை விட்டுக் கணக்காகப் பேசலாம். வணிகத் தரவரிசையே இல்லாத தமிழ் இசையுலகில் இது சிறிய லாபமில்லை.

அச்சுக்கு அடுத்தது தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும்; படத்தில் ஐந்து நிமிடம் ஓடிய பாட்டு தட்டுக்காகச் சுருங்கியிருக்கும். தட்டைக் கையில் எடுத்தால் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் அச்சான விற்பனை எண். மற்றொன்று அந்தக் காகிதத்தை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் கீறப்பட்டிருக்கும் பதிவு எண். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடியும். ஆய்வாளருக்கு இரண்டாவதுதான் முக்கியம். பாட்டு எந்த வரிசையில் ஒலிப்பதிவானது என்பதைக் காட்டும் எண் அது. காகிதத்தில் உள்ள பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். 1949இல் வந்த ‘மகல்’ இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு, தட்டில் லதா மங்கேஷ்கர் பெயருக்குப் பதில் காமினி என்ற பாத்திரத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள் என்பது எல்லாரும் அறிந்த கதை.

இந்தியத் தட்டுகளின் பட்டியல் வேலையைச் செய்தவர் ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர். கிராமபோன் கம்பெனியின் 1899 முதல் 1908 வரையான இந்தியப் பதிவுகளை 1994இல் நூலாக்கினார். அதைத் தொடர்ந்து 1908 முதல் 1910 வரையான பட்டியலும் வந்தது. அதற்குப் பிந்தைய, நமக்கு வேண்டிய முப்பதுகளுக்கும் ஐம்பதுகளுக்கும் அந்தத் தரத்தில் தமிழ்த் தட்டுப் பட்டியல் வரவில்லை. மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் இதழ்களில் உதிரியாகப் பல செய்திகள் கிடைக்கும். ஓடியன், யங் இந்தியா முத்திரைத் தட்டுகள் சில, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தால் மின்வடிவமாகியிருக்கின்றன. தட்டு வியாபாரத்துக்கும் படத்தொழிலுக்கும் உள்ள உறவை அறிய, ஸ்டீபன் ஹியூஸ் 2007இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை கட்டாயம் படிக்க வேண்டியது: தமிழ்ப் பேசும்படம் பாட்டுமயமானதற்கு நாடக மேடையும் கிராமபோன் சந்தையும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த பாதை காரணம் என்று அவர் நிறுவுகிறார். ஏ.வி. மெய்யப்பன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற தட்டுக் கடையிலிருந்து படத்தயாரிப்புக்கு வந்தவர் என்பதை நினைத்தால் வாதம் இன்னும் விளங்கும்.

நூலகத்தின் குறிப்புதவிப் பகுதியில் இருக்க வேண்டிய நூல்கள் எவை? ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ முதல் நூல். ஆண்டுவாரியாகப் படம், நிறுவனம், இயக்குநர், நடிகர், இசையமைப்பாளர் என்று அவர் தொகுத்தது இல்லாமல் தமிழ்த் திரையைப் பற்றி ஒரு வரி நிச்சயமாக எழுத முடியாது. ஆனால் அதன் அலகு படம். பாட்டு அதன் அலகு அன்று. ஆஷிஷ் ராஜாத்யக்ஷாவும் பால் வில்மனும் தொகுத்த இந்தியத் திரைக் கலைக்களஞ்சியம் (1994, திருத்திய பதிப்பு 1999) தமிழ்ப் படங்களுக்கு நியாயமான இடம் கொடுக்கிறது. தேர்ந்தெடுத்த படங்கள் மட்டுமே அதில் உண்டு. சு. தியடோர் பாஸ்கரனின் ‘மெசேஜ் பேரர்ஸ்’ (1981), நாடகப் பாட்டும் தட்டும் படமும் விடுதலைப் போரில் வகித்த பங்கை எடுத்துக்காட்டிய முன்னோடி நூல். வாமனனின் ‘திரை இசை அலைகள்’ வரிசை இசைக்காரர்களின் வாழ்வை நேர்காணலும் ஆதாரமுமாகச் சொல்கிறது, ஜி. ராமநாதனைப் போன்றவர்களைப் பற்றி அறிய இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

இதழ்களில் ‘சினிமா உலகம்’, ‘குண்டூசி’, ‘பேசும் படம்’ மூன்றையும் தவறாமல் புரட்ட வேண்டும். ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதி, ஒரு பாட்டை அது வந்த மாதத்திலேயே காது கொடுத்துக் கேட்டவரின் தீர்ப்பு என்பதால் தனி மதிப்புடையது. மாடர்ன் தியேட்டர்ஸே ‘சண்டமாருதம்’ என்ற இதழை நடத்தியது. கண்ணதாசன் அதில் ஆசிரியராக இருந்திருக்கிறார். ஒரு ஸ்டுடியோ தன் படங்களைப் பற்றித் தானே எழுதிய காகிதம் என்ற வகையில் அதன் இதழ்கள் கிடைத்தால் பொன்னுக்குச் சமம்.

எதிர்பாராத திசையிலும் ஓர் ஆதாரம் இருக்கிறது. ‘மந்திரி குமாரி’யை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். 1935இல் இந்தியாவுக்கு வந்து, தமிழ் தெரியாமலே தமிழில் வரிசையாகப் படமெடுத்து, 1950இல் ஊர் திரும்பினார். ‘மந்திரி குமாரி’தான் அவர் இங்கு இயக்கிய கடைசித் தமிழ்ப் படம்; சுந்தரத்தின் பெயரும் இயக்குநராக அதில் சேர்ந்திருக்கிறது. பிற்காலத்தில் மேற்கு வர்ஜீனியாவில் குடியேறிய அவருடைய தாள்களும் படங்களும் அந்த மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போயின. அவருடைய தன்வரலாறு 2001இல் வெளிவந்தது. ஏற்காட்டு அடிவாரத்தில் எடுத்த படத்தைப் பற்றிய செய்திக்கு அமெரிக்க மாநிலக் காப்பகத்துக்கும் கடிதம் எழுத வேண்டும் என்பது ஆய்வாளர் மனத்தில் பதிய வேண்டிய விஷயம்.

மலைமேல் ஏறினால் ஆதாரத்தின் தன்மையே மாறிவிடுகிறது. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளிகளுக்கு அச்சும் தட்டும் பாட்டின் வீடாக இருந்ததில்லை. காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் புறப்பட்டு வெவ்வேறு மலைகளில் குடியேறிய கதையை அவர்கள் சொல்லி வருகிறார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் ஆட்டமும் பாட்டும் உண்டு. இவர்களைப் பற்றி நூலகத்தில் கிடைக்கும் பழைய நூல்கள் மூன்று: லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883), தர்ஸ்டனின் ஏழு தொகுதி ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ (1909), ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியர் (1918). வரி, நிலம், மணமுறை, உடை எல்லாம் விரிவாகச் சொல்லும் இவை, பாட்டு என்று வரும்போது வாயை இறுக்கிக்கொள்கின்றன. எழுதியவர்களுக்குப் பாட்டு நிர்வாகத் தேவையாக இருக்கவில்லை. ஆகவே மலையாளிகளின் பாட்டுக்கு நேரில் போய் ஒலிப்பதிவு செய்வதுதான் வழி. செய்ததை வைக்க இடமும் வேண்டும். 1982இல் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இனவரைவியல் இசைக் காப்பகம் அப்படிப்பட்ட பதிவுகளை முறையாக ஏற்றுப் பாதுகாக்கிறது. ஏற்காட்டின் இன்னொரு பாட்டுலகம் விடுதிப் பள்ளிகளுடையது. மேற்கத்திய மெல்லிசை இந்த மலைக்கு வந்த வழிகளில் அந்தப் பள்ளிகளின் பியானோவும் ஒன்று. அதற்கு ஆதாரம் தேடினால் பள்ளி ஆண்டு மலர்களைத்தான் பார்க்க வேண்டும்.

மீண்டும் திரைப்பாட்டுக்கு வந்தால், வானொலியை விட்டுவிட்டு ஐம்பதுகளை எழுத முடியாது. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல், ஒலிபரப்பு அமைச்சரானதும் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஏறக்குறைய நின்றுபோனது; நேயர்கள் இலங்கை வானொலிக்கு மாறினார்கள்; 1957 அக்டோபரில் விவித்பாரதி வந்தது. எந்தப் பாட்டு நிலைத்தது என்பதைத் தீர்மானித்ததில் கொழும்பு அறிவிப்பாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கேசட் காலத்தைப் பற்றிய பீட்டர் மானுவலின் 1993ஆம் ஆண்டு நூல் வட இந்தியாவையே மையமாகக் கொண்டது. சின்னச் சின்ன ஊர்களின் பதிவுக் கடைகளைப் பற்றிய தமிழ் ஆய்வு இனிமேல்தான் எழுத வேண்டும். இணையத்தில் உள்ள பாடல் வரித் தளங்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியவை. பத்துத் தளங்கள் ஒரே பெயரைச் சொன்னாலும் அது ஒரு சாட்சிதான்.

திரும்ப நம் மலையுச்சிப் பாட்டுக்கு. அதை எழுதியவர் யார் என்று தீர்க்க, அசல் பாட்டுப் புத்தகம், படத்தின் டைட்டில் கார்டு, தட்டின் வட்டக் காகிதம், 1950ஆம் ஆண்டின் நூற்பதிவுப் பட்டியல், அந்த மாத இதழ்கள், கவிஞர்கள் தாங்களே எழுதியவை ஆகிய ஆறையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும். இன்று அந்த மேசை எந்த ஊரிலும் இல்லை. ஆறும் தரமணி, புனே, எழும்பூர், லண்டன், தனியார் வீடுகள் என்று சிதறிக் கிடக்கின்றன. அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது. அவர்கள் பொருளை ஒரே இடத்துக்குக் கொண்டுவரவில்லை. எது எங்கே இருக்கிறது என்ற கூட்டுப் பட்டியலைப் போட்டார்கள். நமக்கும் அதுவே போதும்: பாட்டின் முதலடி, படம், ஆண்டு, புத்தகத்தில் உள்ள பெயர், தட்டில் உள்ள பெயர், பதிவு எண், படி இருக்கும் இடம் என்று ஏழு கட்டங்கள் உள்ள ஓர் அட்டவணை. பெயர்கள் முரண்பட்டால் இரண்டையும் எழுத வேண்டும். தொகுப்பவர் தன் விருப்பத்துக்கு ஒன்றை அழிக்கக் கூடாது. சட்டமும் இப்போது ஓரளவு துணை நிற்கிறது. ஒலிப்பதிவின் பதிப்புரிமைக் காலம் 60 ஆண்டு என்பதால், ஐம்பதுகளின் தட்டுகளை மின்வடிவமாக்குவதில் ஒலிப்பதிவு உரிமை தடையாக நிற்காது. பாடல் வரிக்கோ கவிஞர் மறைந்து 60 ஆண்டு என்ற கணக்கு தொடர்கிறது.

தமிழ்நாடு முழுவதற்கும் இதை ஒரேயடியாகச் செய்யப் புறப்பட்டால் பாதியில் நின்றுவிடும். சேலத்திலிருந்து, மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களிலிருந்து தொடங்கலாம். எண்ணிக்கை கைக்கு அடங்கியது, படங்களின் பட்டியல் ஆனந்தன் நூலில் தயாராக இருக்கிறது, ஊரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஒரு முனைவர் பட்ட மாணவரும் ஒரு நூலகரும் சேர்ந்தால் முடிகிற வேலை.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்து வீடுகளின் பரணில் தாத்தா கட்டி வைத்த பாட்டுப் புத்தகக் கட்டு இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஓரத்தை ஒட்டுவதற்குச் செல்லோ டேப் மட்டும் வேண்டாம், அது காகிதத்தை அரித்துவிடும். அட்டை, பின்னட்டை விளம்பரம் உள்பட ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். எந்தக் கொட்டகையில், எந்த ஆண்டு வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பிறகு அதை ரோஜா முத்தையா நூலகத்துக்கோ உங்கள் மாவட்ட மைய நூலகத்துக்கோ கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால், படியெடுத்துக்கொள்ளவாவது அனுமதியுங்கள்.